கறையும் நிறமும்

வீட்டிலுள்ள பழைய புகைப்படங்களைக் கணினியில் வருடி எடுத்து, அவற்றின் கிழிசலையும் கறையையும் போக்கி, பின்னணித் தாள், எழுத்து, சிறு அலங்காரம் ஆகியவற்றோடு ஒரு பக்கமாக அமைத்து அச்சிட்டோ திரையிலோ பாதுகாக்கும் வழக்கத்தை மின் நினைவேடு எனலாம். ஸ்கிராப்புக் என்று வழங்கும் ஒட்டேட்டின் கணினி வடிவமே இது. ஒட்டேட்டை விற்பனைச் சரக்காக்கியவர்களுள் எழுத்தாளர் மார்க் டுவைனும் ஒருவர். பசையை முன்கூட்டியே தடவி வைத்த ஏட்டுக்கு அவர் 1873இல் காப்புரிமை பெற்றார். கத்தரிக்கோலும் பசையும் இருந்த காலத்தில் ஏடு செய்பவரால் படத்தின் ஓரத்தை வெட்ட முடிந்ததே தவிர, படத்துக்குள் இருப்பவரைத் தொட முடியவில்லை. கணினியில் அந்த வேலி இல்லை. ஆகவே எதைத் துடைக்கலாம், எதைத் துடைக்கலாகாது என்பது, முன்பு ஸ்டூடியோக்காரரின் தொழில் நுணுக்கமாக இருந்து, இன்று மடிக்கணினியின் முன் அமரும் பேரனும் பேத்தியும் தாமே முடிவு செய்யவேண்டிய காரியமாகிவிட்டது.

பினாங்கில், குறிப்பாக ஜார்ஜ் டவுனில், இக்கேள்விக்குக் கூடுதல் கனம் உண்டு. ஆண்டு முழுதும் ஈரம் சுமக்கும் தீவின் காற்றில் படத்தாளின் மேற்பூச்சில் பூஞ்சை படர்கிறது. இராமபாணப் பூச்சி விளிம்பைத் தின்கிறது. 1970களுக்குப் பிறகு பரவலாக வாங்கப்பட்ட, பிசுபிசுப்பான அட்டைமேல் ஒளிபுகும் தாள் மூடிய ஆல்பங்களின் பசை படங்களைப் பிய்க்க முடியாதபடி பற்றிக்கொண்டு மஞ்சளாக்குகிறது. கறுப்புத் தாளில் மூலை ஒட்டிகளைச் செருகிப் படம் வைத்த பாட்டனார் காலத்து முறையே நல்லதாக இருந்தது என்பது பின்னால் தெரிந்தது. இயற்கை விட்டுவைத்ததைப் போர் எடுத்துக்கொண்டது. 1941 டிசம்பரில் ஜப்பானிய விமானங்கள் நகரின்மேல் குண்டு வீசியபோது உயிரைக் காத்துக்கொள்ள ஓடியவர்கள் படப்பெட்டியையும் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பார்கள் என எதிர்பார்க்க முடியாது. எனவே பல தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு மூதாதையின் முகம் என்பது ஒரே ஒரு படம். அதைத் திருத்துகிறவர் அந்த முகத்துக்கு இருக்கும் ஒரே சாட்சியைத் திருத்துகிறார்.

புகைப்படக் கலை இத்தீவுக்கு வந்த கதையில் நம்மவருக்கு உள்ள பங்கு பலர் அறியாதது. ஸ்காட்லாந்துக்காரரான ஜான் தாம்சன் 1862இல் கிழக்கே வந்து, பினாங்கிலும் எதிர்க்கரையில் அன்று வெல்லெஸ்லி மாகாணம் எனப்பட்ட இன்றைய செபராங் பிறையிலும் ஏறத்தாழ 10 மாதங்கள் தங்கிப் படமெடுத்தார். மதராஸ்காரர் இருவரைப் பழக்கி, படம் அச்சிடுவோராகவும் உதவியாளராகவும் வைத்துக்கொண்டதை 1875இல் வெளிவந்த தம் பயண நூலில் அவர் குறிப்பிடுகிறார். மனிதக் கை படாமல் உருவத்தைப் பிடிக்கும் வேலையைப் பேய்த்தொழில் என்று அஞ்சிச் சீனர் விலகிக்கொண்டனர் என்பதும், வெள்ளி உப்பின் கறை அந்த இருவரின் கருந்தோலில் தெரியப்போவதில்லை என்ற தொனியிலான கேலியும் அதே இடத்தில் வருகின்றன. மதராஸ்காரர் என்றாலே தமிழர் என்று கொள்ள வேண்டியதில்லை. ஆயினும் அன்றைய பினாங்கின் நிலையில் அவர்கள் தமிழராக இருந்திருக்கவே வாய்ப்பு மிகுதி. அவர்களைக் குறிக்க அவர் கையாளும் கிளிங் என்ற சொல், கலிங்கம் என்னும் நாட்டுப்பெயரிலிருந்து வந்ததாகக் கருதப்படுவது, இன்று மலேசியத் தமிழர் காதில் வசையாகவே விழுகிறது. 1801இல் தோன்றிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலின் பெயரிலோ அது பழைய மதிப்போடு நின்றுகொண்டிருக்கிறது.

அச்சிடுவோர் என்ற சொல் அன்று சுமந்த உழைப்பு சிறிதன்று. கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்னும் பிசினைப் பூசி, வெள்ளி நைட்ரேட் கரைசலில் நனைத்து, ஈரம் உலர்வதற்குள் படமெடுத்துக் கழுவி முடிக்கும் ஈரத்தகட்டு முறை அது. முட்டை வெண்கருவைப் பூசிய தாளுக்கு வெள்ளி உப்பேற்றி, தகட்டோடு சட்டத்தில் பொருத்தி, வெயிலில் வைத்து நிறம் ஏறுவதைக் கண்ணால் அளந்து எடுப்பது அச்சிடுவோரின் பணி. எவ்வளவு கருமை போதும், எப்போது நிறுத்தவேண்டும் என்ற தீர்ப்பு அவர்கள் கையில் இருந்தது. அவ்வகையில், இன்று திரையில் ஒளியைக் கூட்டியும் குறைத்தும் பார்க்கிறவருக்குப் பினாங்கில் தொழில்வழி முன்னோர் அந்த இருவரே.

அந்தத் தகட்டுக்கு ஒரு குறை இருந்தது. அதை அறியாமல் பழைய படத்தைத் திருத்தப் புகுவது ஆபத்து. நீல ஒளியை மட்டுமே அது நன்றாக உணரும். சிவப்பும் மஞ்சளும் அதற்கு ஏறக்குறைய இருட்டு. ஆகவே நெற்றியில் இட்ட குங்குமம் கரும்புள்ளியாகவும், மஞ்சள் பூசிக் குளித்த முகம் நேரில் இருந்ததைக் காட்டிலும் கருமையாகவும், நீல வானம் வெறும் வெள்ளையாகவும் பதிந்தன. பச்சையையும் உணரும் தகடுகளும், எல்லா நிறத்தையும் உணரும் சுருள்களும் பின்னர் வந்தபோதிலும், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்து ஸ்டூடியோப் படங்கள் பலவற்றில் பழைய கோளாறு தொடர்கிறது. கறுப்பு வெள்ளைப் படத்துக்கு மென்பொருள் தானாகவே நிறம் தீட்டும்போது, அரக்குச் சேலையையும் கரும்பச்சைச் சேலையையும் அதனால் பிரித்தறிய இயலாது. அது ஊகித்து ஒரு நிறத்தைப் பூசுகிறது, பார்ப்பவர் அதைப் பாட்டியின் சேலை என்று நம்புகிறார். அவ்வாறு தீட்டிய படத்தை மூலப்படத்தின் இடத்தில் வைக்காமல் அதன் அருகே வைப்பதே முறை.

நிறத்தைவிடச் சிக்கலானது ஒளி. படத்தில் எந்த அளவுக்கு இருளும் எந்த அளவுக்கு வெளிச்சமும் உள்ளன என்பதைக் குன்றுபோல வரைந்து காட்டும் ஒளிச்செறிவு வரைபடம் பெரும்பாலான திருத்து மென்பொருள்களில் உண்டு. வெளிறிப்போன படத்தில் அந்தக் குன்று நடுவே குவிந்து, இரு ஓரங்களும் காலியாக இருக்கும். ஓரங்களை உள்ளே இழுத்தால் கறுப்பு கறுப்பாகவும் வெள்ளை வெள்ளையாகவும் மீளும். இது தாளின் முதுமையைப் போக்கும் வேலை, இதில் குற்றமில்லை. நடுப்பகுதியை நகர்த்தத் தொடங்கும்போதுதான் கை தடுமாறுகிறது, ஏனெனில் நம்மவர் முகங்கள் விழும் இடம் அதுவே. கொஞ்சம் தூக்கினால் கண்ணும் மூக்கும் தெளிகின்றன; இன்னும் கொஞ்சம் தூக்கினால் தாத்தா மாநிறமாகிவிடுகிறார்; அழகூட்டும் பொத்தானையும் அழுத்திவிட்டால் சுருக்கமும் வெயிலும் உழைப்பும் போய், மெழுகுபோன்ற ஒருவர் அங்கே உட்கார்ந்திருக்கிறார். பவுடர் அப்பிப் படமெடுத்ததும், நெகடிவ்வில் பென்சில் தீட்டி முகத்தை வெளுக்க வைத்ததும் ஸ்டூடியோக்களின் பழைய வித்தைகள்தாம் என்று இதற்குச் சமாதானம் சொல்லலாம். ஆனால் அன்று அமர்ந்தவர் தாமே கேட்டுச் செய்துகொண்டார். இன்று கேட்க ஆளில்லாதபோது செய்யப்படுகிறது. கருந்தோலைக் கேலி செய்த அயல்நாட்டாரின் வரியைப் படித்துச் சினம் கொள்ளும் ஒருவர், அதே தோலைத் தம் திரையில் கறையாக எண்ணித் துடைப்பது விந்தையே.

தகடே முகத்தைக் கருமையாக்கியிருக்கும்போது வெளுப்பாக்குவது திருத்தந்தானே என்ற எதிர்வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. அதற்கு ஓர் அளவுகோல் வேண்டும். அதைப் படத்துக்குள்ளேயே தேடிக்கொள்ளலாம். வேட்டியும் திருநீறும் வெள்ளை என்பதில் ஐயமில்லை. வேட்டியின் மடிப்பு மறைந்துவிடாத அளவுக்கு அதன் வெண்மையை நிறுத்திவிட்டு, முகம் எங்கே போய் நிற்கிறதோ அங்கேயே அதை விட்டுவிடுவது, நினைவேடு செய்வோர் கைக்கொள்ளத்தக்க எளிய நெறி.

சிறு படத்தைப் பெரிதாக்குவது மற்றொரு தொல்லை. அவசரகாலம் அறிவிக்கப்பட்ட 1948இல், மலாயாவில் 12 வயது நிரம்பிய அனைவருக்கும் படத்துடன் கூடிய அடையாள அட்டை கட்டாயமாயிற்று. தோட்டத்திலும் துறைமுகத்திலும் வேலை செய்த எத்தனையோ பேர் வாழ்நாளில் கேமராவின் முன் அமர நேர்ந்தது அதற்காகத்தான்; அவர்கள் இறந்தபோது மாலையிடப் படம் தேடியவர்கள் அந்தச் சிறு முகத்தையே பெரிதாக்கினர். கணக்கு இப்படி வருகிறது: அச்சில் தெளிவாகத் தெரிய ஓர் அங்குலத்துக்கு 300 படப்புள்ளிகள், அதாவது பிக்சல்கள், தேவை. ஒன்றேகால் அங்குல உயரமுள்ள முகத்தை அங்குலத்துக்கு 1200 புள்ளி வீதம் வருடினால் கிடைப்பது 1500 புள்ளிகள். அது 5 அங்குல உயரப் படத்துக்குப் போதும். நினைவேட்டின் வழக்கமான 12 அங்குலச் சதுரப் பக்கமோ 3600 புள்ளி அகலமும் 3600 புள்ளி உயரமும் கொண்டது. இடைவெளியை நிரப்பச் செயற்கை நுண்ணறிவை அழைத்தால், அது இலட்சக்கணக்கான வேறு முகங்களிலிருந்து கற்ற இமைமயிரையும் பல்வரிசையையும் வைத்து நிரப்பித் தருகிறது. கிடைப்பது கூர்மையான முகம், ஆனால் உறவில் எவருடைய முகமும் அல்ல. பெரிய பக்கத்தின் நடுவில் 5 அங்குலத்தில் சற்று மங்கலாக நிற்கும் உண்மையான முகம் அதனினும் மேல். சுற்றியுள்ள வெற்றிடமே பார்வையை அங்கே கொண்டுபோய் நிறுத்தும்.

இறந்தவரை உயிருள்ளவர் பக்கத்தில் சேர்த்து ஒட்டுவதை இதே கண்டிப்போடு அணுக முடிவதில்லை. திருமண வீட்டில் தந்தையின் படத்தை நாற்காலியில் வைத்து ஆசி பெறும் மக்கள், அவரை மணமக்கள் படத்தில் நிற்க வைக்கக் கேட்பது ஏமாற்றும் எண்ணத்தாலன்று. வழிபாட்டுப் படமாக அது சுவரில் இருப்பதில் தவறில்லை. ஏடு என்பது பின்னால் வருகிறவர் படித்தறியும் பொருளாதலால், அங்கே இந்த ஆண்டில் சேர்க்கப்பட்டது என்று ஒரு வரி எழுதிவிட்டால் போதும். அந்த வரியால் பாசத்துக்கு ஒரு குறையும் வரப்போவதில்லை.

பக்க அமைப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. படத்தின்கீழ் நிழல் இட்டால், பக்கத்திலுள்ள எல்லாப் பொருள்களுக்கும் ஒரே திசையிலிருந்து ஒளி விழுவதாக இடவேண்டும். இல்லையெனில் கண் காரணம் தெரியாமலே சலிக்கும். 2008இல் ஜார்ஜ் டவுன் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற பிறகு, அதன் பூவேலைத் தரையோடுகளும் நீலச் சுவர்களும் ஆயத்தப் பின்னணிகளாகப் பெருகிவிட்டன. மூட்டை சுமந்த ஒருவரின் படத்துக்குப் பின்னால் செல்வர் மாளிகையின் தரையோட்டை விரிப்பது அழகாயிருக்கலாம், பொருந்தாது. லெபோ குயீன் தெருவிலுள்ள மகாமாரியம்மன் கோயிலிலோ தண்ணீர்மலை முருகன் கோயிலிலோ எடுத்த படத்துக்கு அந்தந்த இடத்துச் சுவரையும் படியையும் படமெடுத்துப் பின்னணியாக்குவது மேல். தமிழில் குறிப்பு எழுதும்போது, இந்திய எழுத்துகளைக் கோக்கத் தெரியாத மென்பொருளில் ஒற்றைக்கொம்பும் துணைக்காலும் இடம் மாறி நிற்கும். முரசு அஞ்சல் என்னும் தமிழ் மென்பொருளை உருவாக்கிய முத்து நெடுமாறன் மலேசியராக இருக்க, இங்கே அச்சாகும் ஏட்டில் உடைந்த எழுத்து நிற்பது கொஞ்சம் வெட்கந்தான்.

திருத்தும் மென்பொருள்களின் மிகச் சிறந்த ஏற்பாடு அடுக்கு எனப்படுவது. மூலப்படத்தின்மேல் கண்ணாடித்தாள் போல ஒன்றன்மேல் ஒன்றாகத் திருத்தங்களை வைத்து, வேண்டாதபோது நீக்கிக்கொள்ள அது இடம் தருகிறது. அடியில் உள்ள வருடல் அப்படியே இருக்கும். தன் பாட்டியின் கன்னத்துக் கரும்புள்ளி மச்சமா பூஞ்சையா என்று இன்றைக்கு முடிவு செய்ய இயலாதவர், அதைத் தன் மகளின் தீர்ப்புக்கு விட்டுவைக்கலாம். முகப்பை மட்டும் வருடிவிட்டுப் படத்தை மூடிவைப்பதுதான் பெரும்பாலோர் செய்யும் பிழை. பினாங்குக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே ரஜூலா கப்பல் ஓடிய காலத்தில், ஊருக்கு அனுப்பவும் ஊரிலிருந்து பெறவும் எடுக்கப்பட்ட படங்களின் பின்புறத்தில் ஸ்டூடியோ முத்திரையும், தேதியும், பென்சிலால் எழுதிய முறைப்பெயரும் இருக்கும். இடப்பக்கத்தில் முகத்தையும் வலப்பக்கத்தில் அந்தப் பின்புறத்தையும், கறையோடும் கிறுக்கலோடும், ஒரே அளவில் அச்சிடலாம். பின்புறம் வெறுமையாக இருந்தால் அந்த வெறுமையையே அச்சிட்டு, தெரிந்த ஊரையும் தோராயமான ஆண்டையும் கீழே குறித்து, பெயருக்குரிய கோட்டை நிரப்பாமல் விடவேண்டும். தாம்சனின் தாள்களை வெயிலில் வைத்துக் கருமை பார்த்த மதராஸ்காரர் இருவருக்கும் ஒரு பக்கம் ஒதுக்குவதானால், இன்று அதில் எழுதக்கூடியதும் ஓர் ஊர், ஓர் ஆண்டு, இரண்டு வெற்றுக்கோடுகள்.