செம்மண்ணும் சாட்சியும்

தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போய்த் திரும்பிய வேஷ்டியில் ஏறியிருக்கும் செம்மண், எத்தனை முறை கல்லில் அடித்துத் துவைத்தாலும் முழுவதும் போவதில்லை. அச்சிவப்பு துருவேறிய இரும்பின் நிறம் என்பதும், அவ்விரும்பு நம் சூரியன் தோன்றுமுன்பே எரிந்து முடிந்த நட்சத்திரங்களில் விளைந்தது என்பதும், காரைக்குடிப் பக்கத்தில் செம்பூராங்கல் சுவர்களுக்கிடையே வளர்ந்த எனக்கு வெகு காலம் கழித்தே தெரிய வந்தன.

ஆனால் இந்த மண்ணின் இரும்பு தன் பூர்வ கதையைச் சொல்லாது; சொல்வது வேறோர் இரும்பு. பெருநட்சத்திரங்களில் உண்டாகி, அவை வெடிக்கையில் சிதறும் இரும்பு-60 என்னும் அது, 26 லட்சம் ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்து, கோபால்ட்டாகி, முடிவில் நிக்கலாகிவிடும். பூமி பிறந்து சுமார் 450 கோடி ஆண்டுகள் சென்றுவிட்டபடியால், பிறவியிலேயே வாய்த்த இரும்பு-60 ஆயிரத்தைந்நூறு தடவைக்கு மேல் பாதியாகி அடியோடு ஒழிந்திருக்கும். ஆகவே 1999-இல் மியூனிக் விஞ்ஞானிகள், பத்து லட்சம் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டரே வளரும் பசிபிக் ஆழத்துப் படிவமொன்றில் அதன் அணுக்களைக் கண்டபோது, அவை பின்னாளில் வானினின்று இறங்கியவை என்று கொண்டனர். 2016-இல் இந்து மகாசமுத்திரம் உள்ளிட்ட மூன்று சமுத்திரங்களின் அடியிலும் அத்தடயம் உறுதிப்பட்டது. 32 லட்சம் முதல் 17 லட்சம் ஆண்டுகளுக்கு முன்வரை விழுந்த தூசி அது.

நித்தியம் எது, அநித்தியம் எது என்று பகுத்தறிவதே எங்கள் ஊர்ப் பக்கத்துக் கோவிலூர் மடம் போதிக்கும் வேதாந்தத்தின் முதற்படி. சைவ சித்தாந்தியோ, உள்ளது ஒருநாளும் இல்லதாகாது, சங்காரமும் உயிர்களின் இளைப்பை ஒழிக்கும் அருட்செயலே என்பான். நட்சத்திரத்தின் சங்காரம் கடலடியில் மண்ணாய்க் கிடப்பதைப் பார்த்தால் அவன் பக்கமே என் மனம் சாய்கிறது. (அணுவைக் காட்டி ஆகமத்தை நிரூபிக்கப் புறப்படுவோர் கூட்டத்தில் என்னைச் சேர்க்க வேண்டா.) எனினும் இருவரும் அதிகம் பேசாத ஒன்று இங்கே இருக்கிறது: அழியாத இரும்பு மௌனமாயிருக்க, அழிந்துகொண்டிருப்பதுதான் சாட்சி சொல்கிறது. இரும்பு-60 நித்தியமாயிருந்தால், பூமியின் பழைய இரும்போடு ஒன்றாய்க் கலந்து, வந்த காலமும் தெரியாமல் போயிருக்கும். அநித்தியத்தைத் தள்ளத்தக்கதென்று மட்டும் கருதுவது எனக்கு அவசரமாகப் படுகிறது.

எங்கள் ஆயாவுக்கு இரும்பு-60 தெரியாது. வளவில் கொடியில் உலரும் வேஷ்டிகளை வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்து, கறை வெளுத்திருக்கும் அளவைக் கொண்டே, “இது போன வருஷம் நடந்தது அப்பு, இது அதுக்கு முந்தினது” என்று பிரித்து மடித்து வைப்பார்கள்.