ஊடலும் காலமும்

நீண்ட மணவாழ்வை நாம் வருஷக் கணக்கில் பாராட்டுகிறோம். எண்ணிக்கை எதையும் நிரூபிப்பதில்லை. அன்பு ஐம்பது வருஷத்தை எட்டுகிறது, வெறும் பழக்கமும் எட்டுகிறது, பயமும் எட்டுகிறது. அறுபதாம் கல்யாணம்கூடக் கணவனின் வயசுக்குத்தான் நடக்கிறது, மணவாழ்வின் வயசுக்கு அல்ல.

இந்து திருமணச் சட்டம் வந்தது 1955-ல். இருவரும் மனமொத்துப் பிரியலாம் என்ற பிரிவு அதில் சேர்ந்தது 1976-ல். கதவில்லாத வீட்டில் ஒருவர் தங்கியிருப்பதை விசுவாசம் என்று எப்படிச் சொல்வது? கையில் வருமானம் இல்லாத பெண்ணுக்குக் கதவு இன்றும் சட்டப் புத்தகத்தில்தான் இருக்கிறது. போக முடியும், ஆனாலும் போகவில்லை என்ற இடத்தில்தான் நீடித்தலுக்கு அறம் சார்ந்த அர்த்தம் பிறக்கிறது.

1843-ல் வெளியான 'ஐதர் ஆர்' நூலின் இரண்டாம் பாகத்தில் கீர்க்கேகார்ட் வில்லியம் என்ற நீதிபதியைப் பேசவிடுகிறார். காதலை வென்றெடுப்பதைக் கலை சித்தரித்துவிடும். வென்றதைக் காத்து வாழ்வதைச் சித்தரிக்க முடியாது, ஏனெனில் அதன் சாரம் காலம் என்பது நீதிபதியின் வாதம். எழுதியவரோ 1841-ல் தன் நிச்சயதார்த்தத்தை முறித்துக்கொண்டு, கடைசிவரை மணக்காதவர். வாதம் அதனால் பலவீனப்படவில்லை. ஆனால் அவர் பார்வைக்கு எட்டாத ஒன்று நம்மிடம் இருக்கிறது: ஊடல்.

பரிமேலழகர் கொண்ட பகுப்பின்படி காமத்துப்பாலில் களவியலுக்கு 7 அதிகாரங்கள், கற்பியலுக்கு 18. இதில் பெரும்பகுதி பிரிவும் காத்திருத்தலும். கடைசி அதிகாரம், குறளுக்கே கடைசி, ஊடலுவகை. கற்பு என்ற சொல்லின் பாரம் பெண்மீதே ஏற்றப்பட்டது என்பதை மறந்து இதைச் சொல்லவில்லை. ஆனாலும் காத்திருத்தலிலும் கோபத்திலும்தான் காலம் மனிதர்மேல் உறைக்கிறது என்ற பிரக்ஞை அங்கே இருக்கிறது. எதிரில் இருப்பவர் போய்விட மாட்டார் என்ற நிச்சயம் உள்ளவருக்கே ஊடல் சாத்தியம்.

நான் பிழைக்கும் வங்கித் தொழிலில் கூட்டுக் கணக்குக்கு 'ஐதர் ஆர் சர்வைவர்' என்று ஓர் ஏற்பாடு உண்டு. இருவரில் யாரும் மற்றவரைக் கேட்காமல் முழுத் தொகையையும் எடுக்கலாம்; ஒருவர் இறந்தால் மீதி எஞ்சியவருக்கு. பணத்துக்கு இது சௌகரியம். மனசுக்கு இது ஆபத்து. என் பலவீனங்கள் அனைத்தும் இன்னொருவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. அவர் நினைத்தால் ஒரே நாளில் என்னைக் காலி செய்துவிடலாம். வருஷங்கள் போகப் போக, அவர் அப்படிச் செய்யவில்லை என்பது தெரிகிறது. தம்பதிகள் பெறும் பயன் இதுதான். ஒருவர் எஞ்சுவார் என்பதும் முதல் நாளே எழுதப்பட்டுவிட்டது.

குழந்தைகளுக்கு என்ன? பெற்றோரின் சந்தோஷத்திலிருந்து அவர்கள் அதிகம் கற்பதில்லை. இரவு சண்டை போட்டவர்கள் காலையில் ஒருவருக்கொருவர் காப்பி ஆற்றிக் கொடுப்பதைப் பார்க்கிறார்களே, அதுதான் பாடம். கோபத்தோடு உலகம் முடிந்துவிடுவதில்லை என்று அந்த வயசில் வேறு யாரும் சொல்லித்தர முடியாது.

மறுபுறமும் உண்டு. 'குழந்தைகளுக்காகத்தான் பொறுத்துக்கொண்டேன்' என்பது நம் வீடுகளில் தியாகத்தின் பாஷை. 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டப்படி மைனர் ஒப்பந்தம் செய்யத் தகுதியற்றவன். எந்த வங்கியும் அவனை ஜாமீனாக ஏற்காது. வீடு ஏற்கிறது. தான் கையெழுத்துப் போடாத கடனுக்கு அவன் ஆயுள் முழுக்க வட்டி கட்டுகிறான். அந்த வீட்டில் ஊடல் இராது, மௌனம் இருக்கும். அடி உதை இருக்கும் வீட்டிலோ, பிரிவதுதான் குழந்தைக்குச் செய்யும் உபகாரம்.

எத்தனை வருஷம் என்று கேட்பதை விட்டுவிட்டு, பலவீனமானவர் கோபப்பட அந்த வீட்டில் இடம் இருந்ததா என்று கேட்க வேண்டும். அடுத்த அறுபதாம் கல்யாணத்துக்குப் போகிறவர்கள், கூட்டம் கலைந்த பிறகு, அந்த அம்மாளிடம் தனியாகக் கேட்டுப் பார்க்கலாம்.