கையுறை இல்லாத கை

மனிதன் தன் கைக்கு உறை மாட்டிக்கொள்வது தவறா? இப்படிக் கேட்டால் நீங்கள் சிரிப்பீர்கள். அறுவை சிகிச்சை செய்கிற டாக்டர் உறை மாட்டிக்கொள்கிறார். மின்சாரக் கம்பத்தில் ஏறுகிறவர் மாட்டிக்கொள்கிறார். சாக்கடையைச் சுத்தம் செய்கிறவருக்குக் கையுறை கொடுக்கவில்லையே என்று நாம் கோபப்படுகிறோம். அந்தக் கோபம் நியாயமானதும்கூட. அப்படியிருக்க, 'கையுறை மாட்டிக்கொண்டு எங்கள் கடலில் இறங்காதே' என்று ஒரு தீவு விதி வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டபோது, இதென்ன விபரீதம் என்றுதான் எனக்கும் தோன்றியது.

அந்தத் தீவின் பெயர் பொனேர். வெனிசூலாவுக்கு வடக்கே கரீபியன் கடலில், நெதர்லாந்தைச் சேர்ந்த பூமியாக இருக்கிறது. பரப்பு சுமார் 288 சதுர கிலோமீட்டர். முப்பதாயிரத்துக்கும் குறைவான ஜனங்கள். கள்ளிச் செடிகள், உப்பளங்கள், பூநாரைகள், ஆரவாரமில்லாத சிறிய ஊர்கள். ஆனால் கரையிலிருந்து கொஞ்ச தூரம் நீந்திப் போனாலே கீழே பவளப் பாறைகள் தொடங்கிவிடுகின்றன. சாலையோரத்தில் மஞ்சள் வர்ணம் பூசிய கற்களை வைத்து, எந்த இடத்தில் இறங்கலாம் என்று பெயர் எழுதியிருக்கிறார்கள்.

நெதர்லாந்தில் வேலை பார்க்கும் என் தங்கையின் மகன்தான் இந்த ஆசையை எனக்கு ஊட்டினான். "மாமா, நீங்கள் ஆம்ஸ்டர்டாம் வரைக்கும் வந்துவிட்டால் போதும். அங்கிருந்து நேராகத் தீவுக்கு விமானம் இருக்கிறது. ஸ்கூபா கட்டிக்கொண்டு இரண்டு பேரும் சேர்ந்து இறங்கலாம்" என்றான். கிணற்றில் நீந்திப் பழகியவன் நான். சமுத்திரத்தின் அடியை இந்த ஜன்மத்தில் பார்ப்பேன் என்று எண்ணியதில்லை. ஆசை யாரை விட்டது? புதிதாக ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, முதல் பக்கத்தில் 'பொனேர்' என்று எழுதித் திட்டம் போட ஆரம்பித்தேன்.

திட்டம் போடும்போதே சில பாடங்கள் கிடைத்தன. முதுகில் காற்றுக் கலத்தைச் சுமந்து கடலுக்குள் இறங்குகிறவன் ஒருபோதும் மூச்சை அடக்கக் கூடாதாம். பத்து மீட்டர் ஆழத்துக்கு ஒரு மடங்கு காற்றழுத்தம் கூடுகிறது. மேலே ஏறும்போது அழுத்தம் குறைய, நெஞ்சுக்குள் இருக்கும் காற்று விரிகிறது. அதை வெளியே விடாமல் பிடித்து வைத்தவனின் நுரையீரல் கிழிந்து போகும். இன்னொன்று, தனியாக இறங்கக் கூடாது. உன் காற்று தீர்ந்தால் தன் காற்றைக் கொடுக்க ஒருவன் பக்கத்தில் இருக்க வேண்டும். மூன்றாவது, கடைசியாக மூழ்கிய பிறகு ஒரு நாள் பொழுதாவது கழித்துத்தான் விமானம் ஏற வேண்டும். உடம்பில் கரைந்த நைட்ரஜன் மெதுவாக வெளியேற அவகாசம் தேவை. கடலும் ஆகாயமும் ஒரே நாளில் ஒருவனுக்குக் கிடைப்பதில்லை!

இவையெல்லாம் நம்மைக் காப்பாற்றும் விதிகள். கையுறை விதி வேறு ஜாதி. அது நம்மிடமிருந்து மற்றொன்றைக் காப்பாற்றும் விதி.

1979-ல் பொனேரைச் சுற்றியுள்ள கடலை, கரையிலிருந்து 60 மீட்டர் ஆழம் வரைக்கும், காப்பிடமாக அறிவித்தார்கள். நங்கூரம் போடுவதைத் தடுத்தார்கள். படகுகளைக் கட்டிவைக்க நிலையான மிதவைகள் வைத்தார்கள். ஈட்டியால் மீன் குத்துவதை அதற்கும் முன்பே, 1971-ல், நிறுத்தியிருந்தார்கள். மூழ்க வருகிறவர்கள் கட்டணம் செலுத்தி, விதிகளைக் கேட்டறிந்து, ஒருமுறை கரையோரமாக மூழ்கிக் காட்டிய பிறகே மற்ற இடங்களுக்குப் போகலாம். மருத்துவக் காரணம் போன்ற சில விலக்குகள் தவிர, கையில் உறை கூடாது.

ஏன்? பவளம் கல்லைப் போலத் தோன்றினாலும் கல் அல்ல. ஆயிரமாயிரம் சின்னஞ்சிறு உயிர்கள் கூடிக் கட்டிய வீடு அது. மேலே மெல்லிய சதையும் வழவழப்பும் உண்டு. மனிதக் கை பட்டால் அது காயப்படும். சில வகைகள் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்தான் வளர்கின்றன. நாம் ஒரு நொடி பிடித்துக்கொண்டு இளைப்பாறினால், நம் பேரன் காலத்தில்கூட அந்த வடு ஆறாமல் இருக்கலாம். வெறுங்கையோடு போகிறவன் தொட அஞ்சுவான். நெருப்புப் பவளம் சுடும். கடல் முள்ளெலியின் முள் குத்தும். உறை போட்டவனுக்கு அந்த அச்சம் இல்லை. எதை வேண்டுமானாலும் பிடிப்பான், ஊன்றுவான், தள்ளுவான்.

இந்த இடத்தில் நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தேன். தனக்கு வலிக்காது என்று ஆனவுடன் மனிதனுக்குப் பிறர் வலி மறந்துவிடுகிறது. அந்தச் சட்டத்தை எழுதியவர்களுக்கு மனித சுபாவத்தின் இந்த மூலை நன்றாகத் தெரிந்திருக்கிறது. 'அன்பாக இரு' என்று அவர்கள் உபதேசம் செய்யவில்லை. 'உனக்கும் கொஞ்சம் வலிக்கும்படி வா' என்றார்கள். உபதேசத்தைவிட இது வேலை செய்கிறது.

வாழ்க்கையில் நாம் மாட்டிக்கொள்ளும் உறைகள்தாம் எத்தனை! பணம் ஓர் உறை. பதவி ஓர் உறை. தூரம் எல்லாவற்றையும்விடத் தடித்த உறை. கண்ணுக்கு எட்டாத இடத்தில் நடப்பது நம் கையால் நடந்ததானாலும் நமக்கு உறைப்பதில்லை.

பொனேரிலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. தீவின் தென்கரையில், உப்பளங்களுக்குப் பக்கத்தில், வரிசையாகச் சின்னஞ்சிறு கல் குடிசைகள் நிற்கின்றன. 1850-ல் கட்டியவை. ஆள் நிமிர்ந்து நிற்க முடியாது. குனிந்து தவழ்ந்துதான் உள்ளே போக வேண்டும். உப்பு வெட்டிய அடிமைகள் இரவில் முடங்குவதற்கு அவை. கரீபிய வெயிலில், கண்ணைக் கூச வைக்கும் வெள்ளை உப்பில் பகலெல்லாம் உழைத்துவிட்டு, வாரக் கடைசியில் ரின்கோன் என்ற ஊரில் இருந்த பெண்டாட்டி பிள்ளைகளைப் பார்க்க நடந்தே போவார்களாம். ஏறக்குறைய ஏழு மணி நேர நடை. 1863-ல்தான் நெதர்லாந்து தன் கரீபியத் தீவுகளில் அடிமை முறையை ஒழித்தது. அதுவரை அந்த உப்பைத் தின்றவர்கள், விற்றவர்கள், கணக்கெழுதியவர்கள் எல்லோரும் கொடியவர்களா? இருக்க முடியாது. கோயிலுக்குப் போகிறவர்களும், குழந்தைகளைக் கொஞ்சுகிறவர்களும் அவர்களில் இருந்திருப்பார்கள். அவர்கள் கையில் ஒரு சமுத்திரம் அகலத்துக்கு உறை இருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்று அந்தக் குடிசைகளின் எதிரே உள்ள கடலும் மூழ்குவதற்குரிய இடந்தான். 'வெள்ளை அடிமை', 'சிவப்பு அடிமை' என்றே அந்த இடங்களுக்குப் பெயர். உல்லாசப் பிரயாணிகள் அங்கேதான் ரப்பர் உடுப்பை மாட்டிக்கொண்டு இறங்குகிறார்கள். நானும் அங்கே நிற்கத்தான் திட்டம் போடுகிறேன். நிற்கலாமா?

என் மனைவி இதைவிடக் கூர்மையாகக் கேட்டாள். "தொட்டாலே காயப்படும் என்கிறீர்கள். அப்படியானால் போகாமலே இருந்துவிடலாமே? அந்தப் பவளம் உங்களை வரச்சொல்லிக் கடிதம் போட்டதா?"

பதில் சொல்வது சுலபமாக இல்லை. வருகிறவர்கள் கட்டும் பணத்தில்தான் அந்தக் காப்பிடத்தின் காவல் நடக்கிறது என்று சொன்னேன். பார்த்தவனுக்குத்தானே காப்பாற்றத் தோன்றும் என்றும் சொன்னேன். இரண்டும் உண்மை. ஆனால் முழு உண்மை ஆகா. சென்னையிலிருந்து ஆம்ஸ்டர்டாம், அங்கிருந்து பொனேர், போக வரச் சுமார் 31,000 கிலோமீட்டர். அத்தனை தூரமும் எரியும் எண்ணெயின் புகை ஆகாயத்தில் தங்குகிறது, பூமி சூடாகிறது, கடல் சூடாகிறது. சூடு தாங்காத பவளம் தனக்குள் வாழ்ந்து தனக்கு உணவளிக்கும் நுண்பாசியை வெளியே தள்ளிவிட்டு வெளுத்துப் போகிறது. 2023-ல் கரீபியன் கடல் வழக்கத்துக்கு மீறிக் கொதித்தபோது பொனேரிலும் அப்படி வெளுத்தது. வெறுங்கையோடு நீரில் இறங்கி, ஒன்றையும் தொடாமல் மேலே வந்து, 'நான் உத்தமன்' என்று சொல்லிக்கொள்ள முடியுமா? விமானத்தில் உட்கார்ந்திருந்தபோதே தொட்டாகிவிட்டதே! ஆகாய விமானமும் ஒரு கையுறைதான்.

அதற்காக மனிதன் வீட்டை விட்டே நகரக் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். எதையும் தொடாமல் வாழ்கிறவன் உலகத்தில் இல்லை. சோற்றுக்கு உப்புப் போட்டுக்கொள்ளும்போதே எங்கோ ஓர் உப்பளத்தில் வெடித்த பாதங்களோடு நமக்கு உறவு வந்துவிடுகிறது. தொடாமல் இருப்பது நம்மால் ஆகாது. தொடுகிறோம் என்பதை உணர்ந்துகொண்டே தொடுவது ஆகும். உணர்ந்தவன் மெல்லத் தொடுவான், அளவோடு தொடுவான், தேவையில்லாதபோது கையை இழுத்துக்கொள்வான். நாகரிகம் என்று நாம் பெருமையாகப் பேசுவதெல்லாம் கடைசியில் இந்த மூன்றும்தான் என்று எனக்குப் படுகிறது.

ஆகவே என் நோட்டுப் புத்தகத்தில் திட்டம் கொஞ்சம் மாறியிருக்கிறது. ஆண்டுதோறும் ஒரு தீவு என்று கனவு கண்டதை அடித்துவிட்டேன். வாழ்நாளில் ஒருமுறை, ஒரே தீவு. பத்து நாளை இருபது நாளாக்கி, அவசரமில்லாமல் இருந்துவிட்டு வருவது. நீருக்குள் கைகால்களை அலைக்காமல் மிதப்பதற்கு முதலில் புதுச்சேரியில் நன்றாகப் பழகிக்கொள்வது. அது கைவராவிட்டால் பயணத்தையே கைவிடுவது. படம் பிடிக்கும் கருவி வேண்டாம். கையில் ஒன்று இருந்தால் இன்னும் கிட்டப் போகத்தான் மனம் இழுக்கும்.

விமானம் ஏறுவதற்கு முந்தைய நாள் கடலில் இறங்க முடியாது அல்லவா? அந்த நாளுக்கு என் மருமான் கார் வாடகைக்கு எடுத்து ஊர் சுற்றலாம் என்கிறான். நான் அந்தக் கட்டத்தில் வேறு எழுதியிருக்கிறேன். விடியற்காலையில் உப்பளத்துக் குடிசைகளுக்குப் போக வேண்டும். அங்கிருந்து ரின்கோன் பக்கமாக, கால் வலிக்கும் மட்டும், வெயில் சுடும் மட்டும் நடக்க வேண்டும். ஏழு மணி நேரம் என்னால் முடியாது. ஒரு மணி நேரமாவது முடியும்.