தன் பக்கத்தாரிடம் நீதி கேட்டல்

அநீதிக்கு எதிராகக் குரல் கொடுப்பவரை எல்லாச் சமூகங்களும் போற்றுகின்றன. ஆனால் அந்த அநீதியைச் செய்தவர் யார் என்பதைப் பொறுத்தே போற்றுதலின் அளவு அமைகிறது. மாற்றான் செய்த கொடுமையைக் கண்டித்தவருக்கு மாலை விழும். அதே ஆள் தன் சொந்தச் சமூகம் செய்த கொடுமையை எடுத்துச் சொன்னால் துரோகி என்ற பெயர்தான் கிடைக்கும். இவ்விரண்டில் எது கடினமான அறம் என்ற கேள்வியை 'நோ மோர் டியர்ஸ் சிஸ்டர்' என்ற ஆவணப்படம் பார்ப்பவர் மனத்தில் எழுப்பிவிடுகிறது.

கனடியத் தேசிய திரைப்படச் சபையின் தயாரிப்பில், ஹெலன் குளொடாவ்ஸ்கி நெறியாள்கை செய்து 2005இல் வெளிவந்த படம் இது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் உடற்கூற்றியல் துறைத் தலைவராக இருந்த வைத்தியர் ராஜனி திராணகமவின் வாழ்வையும் மரணத்தையும் சொல்வது. ராஜனி கூட்டாக எழுதிய 'முறிந்த பனை' நூலில், போரிலே பெண்கள் பட்ட பாட்டைப் பற்றி அவர் எழுதிய பகுதியின் தலைப்பே படத்திற்கும் தலைப்பாயிற்று. மைக்கல் ஒண்டாச்சியின் குரல் கதையைச் சொல்ல, மீள்நடிப்புக் காட்சிகளில் ராஜனியாகத் தோன்றுபவர் அவருடைய மகள் ஷாரிகா. சிறு வயதில் தாயைப் பறிகொடுத்த மகளே தாயாகி நடந்து வருவதைப் பார்க்கையில் நெஞ்சு கனத்துப் போகிறது.

ராஜனி 1954இல் பிறந்தவர். யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவக் குடும்பமொன்றின் பிள்ளை. சிங்கள இடதுசாரி அரசியலில் இருந்த தயாபால திராணகமவை மணந்தார். அரசின் இன ஒடுக்குமுறை அவரைப் போராட்டத்தின் பக்கம் தள்ளியது. அவருடைய சகோதரி நிர்மலா பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் 1982இல் கைதானவர். காயம்பட்ட போராளிகளுக்கு ராஜனி மருந்து கட்டினார். இங்கிலாந்தில் மேற்படிப்புக்குச் சென்றிருந்தபோதும் புலிகள் இயக்கத்திற்காக வேலை செய்தார். அங்கேதான் அவருக்குள் கேள்விகள் முளைத்தன. இயக்கத்தை விட்டு விலகினார். அந்நிய நாட்டில் பாதுகாப்பாக இருந்திருக்கலாம். அவரோ யாழ்ப்பாணத்திற்கே திரும்பி வந்தார்.

1987இல் இந்தியப் படை வந்தது. அந்தப் படையினரால் சிதைக்கப்பட்ட பெண்களின் வாக்குமூலங்களை வீடு வீடாகச் சென்று சேகரித்தார். பாதிக்கப்பட்ட பெண்களுக்காகப் பூரணி இல்லத்தை அமைப்பதில் உழைத்தார். ராஜன் ஹூல், தயா சோமசுந்தரம், கே. ஸ்ரீதரன் ஆகியோருடன் சேர்ந்து மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர்கள் அமைப்பை நடத்தினார். அரசு செய்ததையும், இந்தியப் படை செய்ததையும், தமிழ் இயக்கங்கள் செய்ததையும் ஒரே ஏட்டில் எழுதினார்கள். 1989 செப்டெம்பர் 21ஆம் திகதி, பல்கலைக்கழகத்திலிருந்து சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் அவர் சுடப்பட்டு இறந்தார். வயது முப்பத்தைந்து. கொன்றவர்கள் புலிகளே என்பது அவருடைய குடும்பத்தவரதும் தோழர்களதும் முடிவு. தன் உயிரைப் பறிக்கும் கை அந்நியக் கையாக இராது என்பதை அவர் முன்கூட்டியே உணர்ந்து கடிதமொன்றில் எழுதியிருந்தார்.

வகுப்பறையில் பாடம் நடத்துகிறவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். பக்கத்து வகுப்பு மாணவன் கல்லெறிந்தால் அதைச் சொல்ல நாற்பது பிள்ளைகளும் எழுந்து நிற்பார்கள். தன் வாங்கில் இருப்பவன் எறிந்திருந்தால் வகுப்பே மௌனமாகிவிடும். மௌனத்தை உடைக்கிற பிள்ளைக்கு 'கோள்மூட்டி' என்று பட்டம் கட்டுவார்கள். இதைப் பிள்ளைகளுக்கு யாரும் பாடமாகச் சொல்லிக் கொடுப்பதில்லை. பெரியவர்களாகிய எம்மைப் பார்த்தே படித்துக்கொள்கிறார்கள்.

இதற்கு ஓர் ஆட்சேபம் உண்டு. அதை இலேசாகத் தள்ளிவிட முடியாது. எதிரி வாசலில் நிற்கும்போது வீட்டுக் குறையை வெளியில் சொன்னால் அது எதிரிக்குத்தானே ஆயுதமாகும்? உண்மைதான், சில வேளை ஆயுதமாகிறது. ஆனால் எதிரி வாசலை விட்டுப் போகும் நாள் எது? நூறு வருடம் அவன் அங்கேயே நின்றால் நூறு வருடமும் வாய் மூடியிருக்க வேண்டியதுதானா? தவிரவும், வீட்டுக்குள் கேள்வி கேட்பவரை முதலில் ஒழித்தவர்கள் அத்தோடு நின்றதாக வரலாறு இல்லை. ராஜனி கொல்லப்பட்டு ஓராண்டு கழிந்து, 1990 ஒக்டோபரில், வடபுலத்து முஸ்லிம்கள் எழுபதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் புலிகளால் விரட்டப்பட்டார்கள். யாழ்ப்பாணத்தில் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். ராஜனி உயிரோடு இருந்திருந்தால் அதைத் தடுத்திருப்பார் என்று சொல்ல வரவில்லை. தடுக்கத் துணியக்கூடிய குரல்கள் அதற்கு முன்பே நசுக்கப்பட்டிருந்தன என்றுதான் சொல்கிறேன். பின்னாளில் மானிடவியலாளரான ஷாரிகா, 2011இல் வெளியிட்ட நூலில், புத்தளத்து அகதி முகாம்களில் வாழ்ந்த எமது வடபுலத்து மக்களின் கதையையும் எழுதினார். தாயின் வழி அவ்வாறு நீண்டது.

அநியாயம் செய்தவனாயினும் அநியாயத்துக்கு ஆளானவனாயினும் சகோதரனுக்கு உதவுமாறு நபிகளார் (ஸல்) சொன்னபோது, அநியாயக்காரனுக்கு எவ்வாறு உதவுவது என்று தோழர்கள் கேட்டார்கள். அவனை அநியாயத்திலிருந்து தடுப்பதே அவனுக்குச் செய்யும் உதவி என்று விடை வந்தது. இந்த ஹதீஸை நாம் எத்தனையோ ஜும்ஆக்களில் கேட்டிருக்கிறோம். இதன்படி பார்த்தால் ராஜனி தன் சமூகத்திற்குச் செய்தது துரோகமன்று, உதவி.

அப்படியாயின் இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, தமிழ்ச் சமூகத்திலே எப்பேர்ப்பட்ட பெண் என்று வியந்து எழுந்து போவது மட்டும் எமக்குப் போதுமா? 1990 ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் இஷாத் தொழுகையில் நின்றவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்த நாளை நாம் வருடந்தோறும் நினைவுகூருகிறோம். நினைவுகூரவே வேண்டும். அதே ஓகஸ்ட் 12ஆம் திகதி, எமது மாவட்டத்திலேயே, சம்மாந்துறைக்குப் பக்கத்து வீரமுனையில், பிள்ளையார் கோயிலில் தஞ்சம் புகுந்திருந்த தமிழ் மக்கள் கொல்லப்பட்டார்கள். படையினரோடு முஸ்லிம் ஊர்காவற் படையினரும் வந்தார்கள் என்று அம்மக்கள் இன்றும் சொல்கிறார்கள். அவர்களும் வருடந்தோறும் அழுகிறார்கள். ராஜனியின் தோழர்கள், அவர் இறந்த பின்னும் தலைமறைவாக இருந்தபடி, கிழக்கில் இரு சமூகத்தாருக்கும் நடந்தவற்றைத் தம் அறிக்கைகளில் பதிந்தார்கள்.

காத்தான்குடியையும் வடபுல வெளியேற்றத்தையும் எமது கவிஞர்களும் கதைஞர்களும் கண்ணீரோடு எழுதியிருக்கிறார்கள். வீரமுனையை எமது பேனா எவ்வளவு எழுதியிருக்கிறது? எமக்கு நடந்ததை மறந்துவிட்டு எழுத வேண்டியதில்லை. எமக்கு நடந்ததன் வலி தெரிந்தவர்கள் என்பதனாலேயே எழுத வேண்டும். அயல் கிராமத்துத் தாயொருத்தி தன் மகனைப் பற்றிச் சொல்வதை, குறுக்கே எமது கணக்கைச் சொல்லாமல், முழுதாகக் கேட்டுவிட்டு வந்து எழுதலாம். ராஜனி யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளில் சைக்கிளில் போய்ச் செய்த வேலையும் அதுதான்.