துரோவாவில் விட்டுவந்த போர்வை

பொதுக்காலம் 30ஆம் ஞாயிறு



இன்றைய இரண்டாம் வாசகத்தைச் சிறையில் இருந்துகொண்டு பவுல் எழுதுகிறார். தன் ஓட்டம் முடிந்துவிட்டது, புறப்படும் நேரம் நெருங்கிவிட்டது என்று திமொத்தேயுவுக்குச் சொல்லி அனுப்புகிறார். அடக்கத் திருப்பலியில் நாம் அடிக்கடி கேட்கிற பகுதி இது. அதனாலேயே சாகப்போகிற ஒருவரின் பேச்சாக மட்டுமே இதைக் கேட்டுப் பழகிவிட்டோம். இன்று ஒரு நாள், வேலையை விட்டு இறங்குகிறவரின் பேச்சாகக் கேட்டுப் பார்ப்போம். தேன்கனிக்கோட்டையில் பல வீடுகளில் ஒருவராவது ஓசூரில் ஷிப்ட் பார்க்கிறார், அல்லது பார்த்து முடித்திருக்கிறார். ஐம்பத்தெட்டு வயது வந்தால் வீட்டில் என்ன நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஓட்டம் என்றதும் எனக்கு நரேன் கார்த்திகேயன் ஞாபகம் வருகிறார். கோயம்புத்தூர்க்காரர். அப்பா ஜி.ஆர். கார்த்திகேயனும் பேர்போன ரேலி ஓட்டுநர். மகன் 2005இல் ஜோர்டான் அணியின் காரில் உட்கார்ந்தபோது, ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியர் ஆனார். இளைஞர்கள் சிலர் இப்போதுதான் நிமிர்ந்து உட்காருகிறீர்கள், சந்தோஷம்.

அந்த வருஷம் ஜூன் 19ஆம் தேதி அமெரிக்காவில் இண்டியானாபோலிஸ் பந்தயம். மிச்செலின் டயர் போட்ட பதினான்கு கார்கள், டயர் தாங்காது என்று, அணிவகுப்புச் சுற்று முடிந்த கையோடு உள்ளே திரும்பிவிட்டன. மிஞ்சியது ஆறே கார்கள். நரேன் நான்காவதாக வந்தார், ஐந்து புள்ளிகள் கிடைத்தன. ஆறு பேரில் நான்காவது வருவது ஒரு பெருமையா என்று அன்று முதல் இன்று வரை டீக்கடையில் கேட்கிறார்கள். இன்றைய நற்செய்தியில் கோயிலுக்குள் நிமிர்ந்து நின்று தன் நோன்பையும் பத்தில் ஒரு பங்கையும் கணக்குப் படித்தாரே ஒரு பரிசேயர், அவருடைய தராசும் இதுதான். பக்கத்தில் நிற்கிறவரை நிறுத்துப் பார்த்துத்தான் அவருக்குத் தன் எடை தெரியும். ஆண்டவர் அந்தத் தராசை வைத்திருக்கவில்லை. கூட ஓடியவர்கள் எத்தனை பேர் என்பதற்கு ஓட்டுநர் பொறுப்பில்லை. தொடக்கக் கோட்டிலிருந்து கட்டம் போட்ட கொடி வரை தன் காரைக் கொண்டுபோய்ச் சேர்த்தார், அவ்வளவே அவர் கையில் இருந்தது.

2011இல் வேறொரு பாடம். ஹிஸ்பானியா என்ற கடைசி வரிசை அணிக்கு நரேன் ஓட்டிக்கொண்டிருந்தார். பருவத்தின் நடுவே அவரை இறக்கிவிட்டு, டேனியல் ரிக்கார்டோ என்ற ஆஸ்திரேலியப் பையனை அந்த இருக்கையில் ஏற்றினார்கள். அதே வருஷம் அக்டோபரில் நொய்டா அருகே நடந்த முதல் இந்திய கிராண்ட் பிரியில் மறுபடி வாய்ப்புக் கிடைத்து, பதினேழாவதாக முடித்தார். ரிக்கார்டோ அதன் பிறகு எட்டுப் பந்தயங்களை வென்று உலகப் புகழ் பெற்றார். 2024 செப்டம்பரில் அவரையும் பருவத்தின் நடுவே இறக்கிவிட்டு லியாம் லாசன் என்ற இன்னொரு பையனை ஏற்றினார்கள். எந்த இருக்கையும் யாருடைய பட்டா நிலமும் இல்லை என்பது ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும். பங்குப் பேரவையில் இருக்கிற நமக்குத்தான் சில சமயம் தெரிவதில்லை.

இறக்கிவிடப்படுவது ஒன்று, தானே இறங்குவது ஒன்று. நரேன் 2014 முதல் ஐந்து பருவங்கள் ஜப்பானின் சூப்பர் ஃபார்முலாவில் ஓட்டினார். அந்த வகைக் கார்கள் லேசுப்பட்டவை அல்ல. வேகமான வளைவில் திரும்பும்போது தலையும் ஹெல்மெட்டும் நாலைந்து மடங்கு கனத்துக் கழுத்தை ஒரு பக்கமாக இழுக்கும். அடுத்த வளைவில் மறு பக்கம். பந்தயம் முடிகிற வரை இதே இழுப்பு. இருபது வயதுக் கழுத்துக்கு அது விளையாட்டு, நாற்பதைத் தாண்டிய கழுத்துக்கு அப்படி இல்லை. பிரஸ் ஷாப்பில் கால் நூற்றாண்டு நின்ற முழங்கால்கள் இந்தக் கோயிலிலும் இருக்கின்றன, முழந்தாளிடும்போது சத்தம் எனக்குப் பீடம் வரை கேட்கிறது!

2019 தொடக்கத்தில், நாற்பத்திரண்டு வயதில், ஒற்றை இருக்கைக் கார்களை விட்டுவிடுவதாக நரேன் அறிவித்தார். சிறு வயது முதல் உயிராக நினைத்த ஓட்டம் அது. விட்டவர் வீட்டுக்குப் போகவில்லை. சூப்பர் ஜிடி என்ற பந்தயத்துக்கு மாறினார். அங்கே ஒரே காரை இருவர் மாற்றி மாற்றி ஓட்ட வேண்டும். கூட்டாளி தடாசுகே மகினோ, வயதில் அவரைவிட இருபது வருஷம் சின்னவர். நேற்று வரை தனக்கென்று ஒரே இருக்கை வைத்திருந்தவர், பாதி வழியில் இறங்கிப் பையனிடம் ஸ்டியரிங்கைக் கொடுக்கப் பழகினார். அந்த வருஷம் நவம்பரில் ஃபூஜி ஓடுதளத்தில், ஜப்பானிய, ஜெர்மானியக் கார்கள் சேர்ந்து ஓடிய பந்தயம் ஒன்றை வென்றும் காட்டினார்.

அடுத்த வருஷம் கோவையில் டிரைவ்எக்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். பழைய ஸ்கூட்டர், பைக்குகளை வாங்கி, பழுது பார்த்து, நம்பி ஓட்டலாம் என்ற நிலைக்குக் கொண்டுவந்து விற்கிற தொழில். 2022இல் டிவிஎஸ் மோட்டார் அதில் ஏறக்குறைய பாதிப் பங்கை வாங்கியது. நம் ஓசூர் ஆலையில் நீங்கள் கோத்து அனுப்பிய வண்டி, நாலு ஊர் சுற்றிக் களைத்து, அவருடைய பட்டறைக்கே போய்ச் சேரலாம். மணிக்கு முந்நூறு கிலோமீட்டர் வேகத்தில் போனவருக்கு செகண்ட் ஹேண்ட் வண்டி வியாபாரமா என்று முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. எனக்கு அவர் வாங்கிய ஐந்து புள்ளிகளைவிட இது பெரிதாகப் படுகிறது.

இப்போது பவுலிடம் திரும்புவோம். இன்றைய வாசகத்தில் எட்டாம் வசனத்துக்குப் பிறகு நேராகப் பதினாறுக்குத் தாண்டிவிட்டோம். இடையில் விடுபட்டதை வீட்டில் விவிலியத்தை எடுத்துப் படித்துப் பாருங்கள். ஓட்டம் முடிந்துவிட்டது என்று சொன்ன அதே மனிதர், துரோவாவில் கார்ப்பு வீட்டில் விட்டுவந்த போர்வையைக் கொண்டுவரச் சொல்கிறார். நூல்களும் வேண்டுமாம், தோல்சுருள்களை மறந்துவிடக் கூடாதாம். மாற்குவையும் கூட்டி வா, அவர் பணிக்கு உதவுவார் என்கிறார். யார் இந்த மாற்கு? பாதிப் பயணத்தில் விட்டுவிட்டுப் போனவர் என்று முன்பு பவுல் சேர்க்க மறுத்த ஆள். அவரை முன்னிட்டுத்தான் பவுலும் பர்னபாவும் கடுமையாக வாக்குவாதம் செய்து பிரிந்தார்கள். கடைசிக் காலத்தில் அவரைத்தான் தேடுகிறார். குளிருக்குப் போர்வை, படிக்கப் புத்தகம், பக்கத்தில் ஓர் உதவியாளர். ஓட்டம் முடிந்தவரின் அன்றாடம் இப்படி இருந்தது.

எண்ணிக்கை நூல் எட்டாம் அதிகாரத்தில் லேவியருக்கு ஆண்டவர் பணி ஓய்வே விதிக்கிறார். ஐம்பது வயதானால் பளுவான பணியை நிறுத்திவிட வேண்டும். பாலைநிலத்தில் பேழையையும் பீடங்களையும் தோளில் சுமந்தவர்கள் அவர்கள். நிறுத்திய பிறகும் சந்திப்புக் கூடாரத்தை விட்டு அவர்களை அனுப்பிவிடச் சொல்லவில்லை. சுமக்கிற சகோதரருக்கு உதவியாக அங்கேயே நிற்கச் சொல்கிறார். நம் காலத்தில் திருத்தந்தை 16ஆம் பெனடிக்ட் 2013 பிப்ரவரியில் பொறுப்பிலிருந்து இறங்கினார். இறக்கும் வரை வத்திக்கானிலேயே ஒரு மடத்தில் இருந்து திருச்சபைக்காகச் செபித்தார்.

வேலையை விட்ட புதிதில் ஆண்களுக்கு என்ன ஆகிறது என்று அன்பியக் கூட்டங்களில் பார்க்கிறேன். விடியற்காலையில் கம்பெனி பஸ் ஹாரன் கேட்டால் விழிப்பு வந்துவிடுகிறது, போவதற்கு இடமில்லை. ஒரு மாதம் போன் வருகிறது, பிறகு நின்றுவிடுகிறது. பவுலும் இன்று அதைச் சொல்லித்தான் வருத்தப்படுகிறார். முதல் விசாரணையில் தன் பக்கம் யாரும் நிற்கவில்லை, எல்லாரும் விட்டுவிட்டுப் போனார்கள் என்கிறார். ஆண்டவர் மட்டும் நின்றார் என்றும் சொல்கிறார். சிலர் அந்த வெறுமையைத் தாங்க முடியாமல் சாயங்காலம் போகும் இடம் உங்கள் எல்லாருக்கும் தெரியும். வேறு சிலர், கோயிலில் கிடைத்த பொறுப்பை இறுகப் பிடித்துக்கொள்கிறார்கள், பாடகர் குழுவில் புதுப் பிள்ளை ஒன்று ஆர்மோனியத்தைத் தொடக்கூட முடிவதில்லை. அம்மாமார்கள் சிரிக்கிறீர்கள். உங்களுக்கு ஓய்வு வயதே எழுதப்படவில்லை என்பதும் எனக்குத் தெரியும். அந்த அநியாயத்தைப் பற்றித் தனியாக ஒரு ஞாயிறு பேச வேண்டும்.

வாலிபர்களுக்கு ஒரு வார்த்தை. பந்தயக்காரர் பந்தயத் தளத்தில்தான் பறப்பார், ஹெல்மெட் இல்லாமல் காரில் ஏறவே விடமாட்டார்கள். கேழ்வரகு முற்றுகிற காலம், ஜவளகிரிப் பக்கம் யானை ரோட்டுக்கு வருகிறது. வண்டியை மெதுவாக ஓட்டுங்கள்.

இந்த வருஷம் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் திருப்பலி முடிந்ததும் என்னைப் பார்த்துவிட்டுப் போங்கள். ஐ.டி.ஐ. படிக்கிற பையன்கள் பலர் மைக்ரோமீட்டர் சரியாகப் பிடிக்கத் தெரியாமல் நேர்முகத் தேர்வில் திரும்பி வருகிறார்கள். சனிக்கிழமை மாலை பங்கு மண்டபத்தைத் திறந்து வைக்கிறேன், டீயும் உண்டு. உங்கள் கைக்குத் தெரிந்ததை அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வாருங்கள்.

எழுந்து நின்று நம் நம்பிக்கையை அறிக்கையிடுவோம்.