ஒகேனக்கல் மீனும் நாவின் அறமும்

தருமபுரி மாவட்டத்துக்குக் கடற்கரை இல்லை. கோடை விடுமுறையில் தண்ணீரில் ஆடி, மீன் சாப்பிட்டு, ஐஸ்க்ரீமோடு ஊர் திரும்ப நினைக்கிற குடும்பங்களுக்கு அங்கே ஒகேனக்கல்தான் கடல். தருமபுரி நகரிலிருந்து பென்னாகரம் வழியாக 46 கிலோமீட்டர். காவிரி பாறைப் பிளவுகளில் விழுந்து புகைபோல் திவலை எழுப்புவதால் கன்னடத்தில் ‘புகையும் கல்’ என்று பொருள்படும் பெயரை ஊர் பெற்றது. வருகிறவர்கள் எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறார்கள், பரிசலில் போகிறார்கள், பிறகு மீன் கடைக்கு வருகிறார்கள். கட்லா, ரோகு, ஜிலேபி, வாளை, கெளுத்தி என்று எது பிடிக்கிறதோ அதைக் கைகாட்டி, எடை போட்டு வெட்டி வாங்கி, விறகடுப்போடு காத்திருக்கும் சமையல்காரப் பெண்களிடம் கொடுத்தால் குழம்பாகவும் வறுவலாகவும் ஆக்கித் தருவார்கள். மீனுக்கு ஒரு விலை, சமைப்பதற்குத் தனிக் கூலி. 1934இல் திறக்கப்பட்ட மேட்டூர் அணையின் நீர்த்தேக்கம் கீழே பரந்து கிடப்பதால் மீனுக்கு இங்கே பெரும்பாலும் பஞ்சமில்லை.

அதே கரைக்கு வேறு வகையான கூட்டமும் வருகிறது. ஆடி அமாவாசையன்று முன்னோருக்கு எள்ளும் தண்ணீரும் விட வருகிறவர்கள். ஆடிப்பெருக்கன்று காவிரியைத் தாயாக வணங்கிப் புத்தாடை உடுத்தி, சித்திரான்னம் கட்டிக்கொண்டு வருகிறவர்கள். தர்ப்பணம் முடியும்வரை அவர்கள் கவுச்சி தொடமாட்டார்கள். ஒரு நாள் தீர்த்தமாக இருக்கும் ஆறு மறுநாள் மீன் தரும் ஆறாகிறது. சில குடும்பங்களில் காலைக்கும் மதியத்துக்கும் இடையிலேயே இந்த மாற்றம் நடந்துவிடுகிறது. இதில் முரண் உண்டா, உல்லாசத்துக்காக ஒன்றைச் சுவைப்பது அறத்துக்கு உகந்ததுதானா என்ற கேள்வி தமிழ் மண்ணில் மிகப் பழையது. சமணமும் பௌத்தமும் சைவமும் வள்ளுவமும் இதற்கு வெவ்வேறு விடைகளைச் சொல்லியிருக்கின்றன.

கேள்வியைச் சரியாகப் பிடிக்க மீனையும் ஐஸ்க்ரீமையும் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பது உதவும். மீனில் ஓர் உயிர் போகிறது. கூடவே பசியும் தீர்கிறது. ஐஸ்க்ரீமில் யாரும் கொல்லப்படுவதில்லை. ஆனால் வயிறு நிறைய உண்டவர்களும் அதைக் கேட்கிறார்கள், ஏனெனில் அது பசிக்கான உணவே அல்ல. முதலாவது கொலையைப் பற்றிய கேள்வி, இரண்டாவது ஆசையைப் பற்றிய கேள்வி. பொதுப்பேச்சில் இரண்டும் ‘சைவமா அசைவமா’ என்ற ஒரே வரிக்குள் குழம்பிப்போகின்றன.

கொலைக் கேள்வியில் வள்ளுவருக்குத் தயக்கம் இல்லை. திருக்குறளின் 26ஆம் அதிகாரமான புலால் மறுத்தல் தன் உடலை வளர்க்கப் பிற உடலைத் தின்பவனுக்கு அருள் எங்கிருந்து வரும் என்ற திசையில் தொடங்குகிறது. அந்த அதிகாரம் துறவறவியலில் இருப்பதால் அது துறவிகளுக்கு மட்டுமே பொருந்தும், இல்லறத்தாருக்கு விலக்கு உண்டு என்று வாதிடுவோர் உண்டு. அதிகார வைப்பு அவர்கள் பக்கம் இருக்கிறது. உள்ளே இருக்கும் ஒரு வாதம் அவர்கள் பக்கம் இல்லை. தின்பதற்காக உலகம் கொல்லாவிட்டால் விலைக்கு ஊன் தருகிறவரும் இருக்கமாட்டார் என்பது அந்த வாதம். துறவி சந்தைக்குப் போய் எடை போட்டு ஊன் வாங்குவதில்லை, வாங்குகிறவர் இல்லறத்தார். கொன்றவன் ஒருவன், நான் காசு கொடுத்து வாங்கியவன் மட்டுமே என்று விலகி நிற்க நினைக்கிறவரைப் பார்த்துச் சொன்ன சொல் அது. விடுமுறையில் வந்து கடைமுன் நிற்கிற குடும்பத் தலைவரை அது நேராகவே தொடுகிறது.

பௌத்தம் வேறு வழியில் போயிற்று. துறவிக்கென்று கொல்லப்பட்டதைத் துறவி கண்ணால் கண்டிருக்கக் கூடாது, காதால் கேட்டிருக்கக் கூடாது, அப்படி இருக்குமோ என்ற ஐயமும் இருக்கக் கூடாது. இம்மூன்றும் இல்லையென்றால் பிச்சையில் விழுந்த ஊனை உண்ணலாம் என்று பழைய விநய மரபு இடம் கொடுத்தது. மணிமேகலையில் சாத்தனார் இதைக் கடலோரக் கதை ஒன்றில் வேறு விதமாகக் கையாள்கிறார். கப்பல் உடைந்து நாகர் தீவில் ஒதுங்கிய சாதுவன், மனிதரையே தின்னும் அந்த மக்களிடம் முழுச் சைவத்தைக் கேட்கவில்லை. கொல்வதையும் கள்ளையும் விடுங்கள், மூப்பால் தானே இறந்த விலங்கைத் தவிர வேறெதையும் உண்ணாதீர்கள் என்கிறான். வேறு உணவு அறியாத தீவில் எவ்வளவு கேட்கலாம் என்று அளந்து கேட்ட அந்த நிதானம், பிற்காலத்து அறப் போதகர் பலரிடம் காணக் கிடைக்காதது. ஆனால் இந்தச் சலுகைகள் எவையும் ஒகேனக்கல் மீன் கடையில் செல்லாது. அங்கே மீன் வாங்குகிறவர் பார்த்துக் கைகாட்டுகிறார், அவர் எதிரிலேயே வெட்டுகிறார்கள். எதையும் காணவில்லை, கேட்கவில்லை என்று அவர் சொல்ல முடியாது.

சைவத்தின் கதைகள் இங்கே எதிர்பாராத இடத்தில் நிற்கின்றன. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணத்தில் அறுபத்துமூவரில் ஒருவர் அதிபத்த நாயனார், நாகப்பட்டினத்து நுளைப்பாடியைச் சேர்ந்த பரதவர். அன்றாடம் வலையில் விழும் மீன்களில் ஒன்றைச் சிவனுக்கென்று கடலிலேயே விட்டுவிடுவது அவர் வழக்கம். நாளுக்கு ஒரு மீன் மட்டுமே கிடைத்த காலத்திலும் அந்த ஒன்றையே விட்டுவிட்டுப் பட்டினி கிடந்தார். கடைசியில் பொன்மீன் விழுந்தபோதும் அதை விட்டார். மீன்பிடித் தொழிலை அவர் துறக்கவில்லை, துறக்கும்படி யாரும் கேட்கவுமில்லை. காளத்தியில் கண்ணப்பர் வேட்டையாடிய ஊனைத் தீயில் வாட்டி, ஒவ்வொரு துண்டையும் வாயிலிட்டுச் சுவை பார்த்து, நன்றாக இருந்ததை மட்டும் இறைவனுக்கு எடுத்துப் போனார். அங்கே பூசை செய்துவந்த சிவகோசரியார் அதைக் கண்டு பதறினார். கதையின் தீர்ப்பு கண்ணப்பருக்கே சாதகமாயிற்று. நாவின் சுவையறிவு இங்கே தனக்காக வேலை செய்யவில்லை; இன்னொருவருக்கு நல்லதைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்கும் கருவியாகிறது. இவ்விரு கதைகளையும் வைத்துக்கொண்டு மீன் தின்பதற்குச் சமய அனுமதி கிடைத்துவிட்டதாகக் கொள்வது தவறு. கொலைக்கு இவை விடை சொல்லவில்லை. உண்பவருக்கும் உணவுக்கும் உள்ள உறவில் தன்னல மறுப்பு எங்கே நுழைய முடியும் என்பதைக் காட்டுகின்றன, அவ்வளவே. 1867இல் வடலூரில் சத்திய தருமச்சாலையின் அடுப்பை மூட்டிய வள்ளலார், அதே சைவ மரபில் வளர்ந்தும், புலால் மறுப்பை விட்டுக்கொடுக்கவே இல்லை.

இனி ஐஸ்க்ரீம். இதற்கு மிகக் கண்டிப்பான விடை சமணத்திடம் இருக்கிறது. தருமபுரி மண்ணுக்கு அது அந்நியமான விடையும் அல்ல. நுளம்பர் ஆண்ட 9ஆம் நூற்றாண்டில் இந்நகரில் சமணக் கோயிலுக்குக் கொடை கொடுத்த செய்தி கல்வெட்டில் உள்ளது. சமணம் வகுத்த ஆறு புறத்தவங்களில் ஒன்று சுவை துறத்தல். பால், தயிர், நெய், எண்ணெய், இனிப்பு, உப்பு ஆகியவற்றில் ஒன்றையோ பலவற்றையோ குறிப்பிட்ட காலத்துக்கு விட்டுவிடுவது. ஐஸ்க்ரீமின் முதன்மைப் பொருள்களான பாலும் சர்க்கரையும் அந்தப் பட்டியலிலேயே இருக்கின்றன. தயிரிலும் வெல்லத்திலும் பாவம் எதுவும் இல்லை என்று சமணருக்கும் தெரியும். நாவைப் பழக்குவதற்காகத்தான் அவர்கள் அவற்றை விட்டார்கள். இந்த வாதத்துக்கு வலு உண்டு: எது கிடைத்தாலும் அடுத்ததைக் கேட்கிற புலன் நாக்கு. ஆனால் தவத்துக்கென்று வகுத்த ஒழுக்கத்தை ஆண்டுக்கு ஒருமுறை வெளியூர் போகும் உழைப்பாளிக் குடும்பத்தின் மேல் ஏற்றினால் அது தவமாக இராது, கெடுபிடியாகிவிடும்.

பனிக்கட்டி தமிழ்நாட்டுக்கு வந்த கதையிலேயே இதற்கு ஒரு மாற்றுப் பார்வை கிடைக்கிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் ஏரிகளில் குளிர்காலத்தில் உறைந்த பனியை அறுத்துக் கப்பலில் கொண்டுவந்த டியூடர் நிறுவனம், அதைச் சேமித்து விற்க 1842இல் சென்னைக் கடற்கரையில் ஐஸ் ஹவுஸைக் கட்டியது. வசதியுள்ளவர்களே வாங்க முடிந்த பொருள் அது. பனி வணிகம் நின்று கட்டடம் கைமாறிய பின், 1897 பிப்ரவரியில் மேல்நாட்டிலிருந்து திரும்பிய விவேகானந்தர் தங்கியது அங்கேதான். இன்று அது விவேகானந்தர் இல்லம். அவர் வங்காளத்து மீன் உணவுக்காரர். ஐஸ்க்ரீமில் அவருக்கிருந்த விருப்பத்தை அமெரிக்காவில் அவரை உபசரித்தவர்கள் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். மேல்நாட்டிலிருந்து திரும்பிய அதே பயணத்தில் மானாமதுரையில் பேசும்போது, நம் சமயம் சமையலறைக்குள் போய் முடங்குகிறது, தொடாதே என்பதே அதன் கொள்கையாகிவிட்டது என்று அவர் கடிந்தார். யார் சமைத்தது, யார் தொட்டது என்ற ஆராய்ச்சியே அறமாகிவிட்ட காலத்துக்கு அந்தக் கண்டனம் தேவைப்பட்டது. இன்றும் தேவை தீரவில்லை.

அளவு பற்றிய பேச்சை வள்ளுவர் மருந்து என்ற 95ஆம் அதிகாரத்தில் தனியே வைத்தார். முன்பு உண்டது செரித்ததை அறிந்து உண்டால் மருந்தே வேண்டாம் என்பது அதன் சாரம். தனிமனிதனுக்குச் சொன்ன இந்த அளவை இப்போது கடலுக்கு அரசு சொல்கிறது. மீன்கள் இனப்பெருக்கம் செய்ய விடும்பொருட்டுத் தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் மீன்பிடிக்கச் செல்வதில்லை. பள்ளி விடுமுறையும் ஏறக்குறைய இதே நாட்கள்தான். தருமபுரியிலிருந்து மாமல்லபுரத்துக்கோ இராமேசுவரத்துக்கோ மே மாதம் போகிறவர் தட்டில் விழுவது கரையோரம் பிடிக்கும் நாட்டுப் படகு மீனாகவோ வெளியிலிருந்து ஐஸ் பெட்டியில் வந்த மீனாகவோ இருக்கலாம். புரட்டாசியில் கவுச்சியை விடும் வீடுகளுக்கு இதைப் புரியவைப்பது கடினமல்ல, ஏனென்றால் இதுவும் ஒரு விரதம். அதைக் காக்கிற மீனவர் அந்த நாட்களில் வருமானத்தை இழக்கிறார். சாப்பிடுகிறவர் இழப்பது ஒரு வேளை வஞ்சிரம்.

எல்லா விடைகளுக்கும் அடியில் இன்னொரு விடை தகடூர் மண்ணிலேயே கிடக்கிறது. தகடூர் என்பது தருமபுரியின் பழைய பெயர். அங்கே ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி, நீண்ட வாழ்வு தரும் அரிய நெல்லிக்கனி கைக்கு வந்தபோது அதன் பெருமையை வாய்விட்டுச் சொல்லாமல் ஔவையாருக்குக் கொடுத்துவிட்டான் என்பது எல்லாருக்கும் தெரிந்த கதை. அவன் இறந்தபின் ஔவையார் பாடியதாகப் புறநானூற்றில் உள்ள இரங்கற்பா அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. கள் கொஞ்சமாகக் கிடைத்தால் எங்களுக்கே தந்துவிடுவான், நிறையக் கிடைத்தால் நாங்கள் உண்டு பாட மிச்சத்தைத் தான் உண்டு மகிழ்வான் என்று அது நினைவுகூர்கிறது. எலும்போடு கூடிய நல்ல ஊன் கிடைத்த இடமெல்லாம் எங்களுக்கு, அம்பும் வேலும் நுழையும் இடமெல்லாம் அவனுக்கு என்றும் சொல்கிறது. அவன் துறவியல்லன். கள்ளும் ஊனும் அவன் பந்தியில் இருந்தன. கொலைக்கு அவனிடமும் விடை இல்லை. ஆனால் சுவையை அவன் தனித்து உண்ணவில்லை, குறைவாக இருக்கும்போது முதலில் பிறருக்கு வைத்தான். இன்பத்தை வெறுக்காமலே அதன் தன்னலத்தை அறுத்த வழி அது. சுவையைப் பற்றித் தமிழில் சொல்லப்பட்டவற்றுள் இல்லறத்தாருக்கு மிகப் பொருத்தமானது இதுவே.

மீன் உண்பதை விட முடிந்தவர் விடட்டும். வள்ளுவர் வாதத்துக்கு நேர்மையான மறுமொழி அது ஒன்றுதான். விட முடியாதவர், அடுப்புப் புகையில் கண் எரிய நின்று சமைத்துத் தரும் பெண்ணிடம் கூலிக்குப் பேரம் பேசாமல் இருக்கட்டும், அவர் சாப்பிட்டாரா என்று கேட்கட்டும். ஆற்றில் தண்ணீர் பெருகிப் பரிசலுக்கும் குளியலுக்கும் தடை விழும் நாட்களில் விருந்தாளிகள் வருவதில்லை. அவர் அடுப்பும் எரிவதில்லை.