அறியாமல் இழைக்கும் தீங்கு

மனம் அறியாமல் கை இழைக்கும் தீங்குக்குப் பாபம் உண்டா என்பது தமிழ் நாட்டுச் சமயவாதிகள் நெடுங்காலம் வழக்காடிய கேள்வி. நோக்கமே கர்மம் என்றனர் பௌத்தர். நோக்கம் இல்லாவிடினும் செயலின் விளைவு செய்தவனைச் சாரும் என்றனர் சமணர். கொல்லாமல், ஊனை விலைக்கு வாங்கி உண்பவனுக்குக் கொலைப் பாபம் இல்லை என்ற பௌத்தரை, வாங்குவோர் இருப்பதனாலன்றோ கொல்வோர் இருக்கின்றனர் என்று மடக்குகிறாள் சமணக் காப்பிய நாயகி நீலகேசி.

இவ்வழக்கு இன்னும் தீர்ந்துவிடவில்லை. சேர்வராயன் மலையின் உச்சியில், தாழ்ந்த குகைக்குள் குனிந்து சென்று சேர்வராயனையும் காவேரியம்மனையும் தரிசித்து, குளிர்காற்றில் நடுங்கியவண்ணம் ஏற்காட்டு ஏரிக்கரைக்கு இறங்கி வருகிறவன், கொதிக்கும் சட்டியிலிருந்து எடுத்த மிளகாய் பஜ்ஜியை வாங்கி உண்கிறான். விற்பவன் மனத்தில் வஞ்சம் இல்லை. உண்பவன் பசியில் குற்றம் இல்லை. ஆயினும் அச்சட்டியில் இருப்பது பழைய முறையில் செய்த வனஸ்பதியாயின், இருவரும் அறியாத ஒரு தீங்கு அங்கே கைமாறுகிறது.

தாவர எண்ணெயின் கொழுப்பமிலச் சங்கிலிகள் இரட்டைப் பிணைப்புள்ள இடங்களில் வளைந்திருப்பதால், நெருங்கி அடுக்கப்படாமல் திரவமாக நிற்கின்றன. நிக்கலின் துணையோடு அவற்றில் ஹைட்ரஜனைப் பாதியளவு ஏற்றினால், எஞ்சிய பிணைப்புகளிற் சில மறுபக்கம் திரும்பி, சங்கிலி நிமிர்ந்து, எண்ணெய் நெய்போல உறைகிறது. இவ்வாறு நிமிர்ந்ததே டிரான்ஸ் கொழுப்பு. ஜெர்மானியரான வில்ஹெல்ம் நார்மன் 1902 இல் உரிமம் பெற்ற இம்முறையின் வழியே, 1937 இல் டால்டா என்னும் வனஸ்பதி நம் அடுக்களைக்குள் நுழைந்தது. அதைக் காந்தியடிகள் கண்டித்தார். நெய்யில் கலந்தால் சோதனையில் காட்டிக்கொடுக்கும் பொருட்டு, வனஸ்பதியில் 5 சதவீதம் நல்லெண்ணெய் சேர்க்கவேண்டுமென்று சட்டமும் செய்யப்பட்டது. நெய்யென்று நடிக்கும் கபடத்தையே அக்காலத்துத் தர்மபுத்தி பெரிதும் அஞ்சியது; கபடமின்றி, தன் பெயரிலேயே விற்கப்பட்டபோதும் அது செய்த கேட்டைக் கண்டோர் அரியர். 1990 இல் நெதர்லாந்து ஆராய்ச்சியாளர்களான மென்சிங்கும் காட்டனும், இக்கொழுப்பு இரத்தத்தில் கெட்ட கொலஸ்டிராலை உயர்த்துவதோடு நல்ல கொலஸ்டிராலையும் குறைக்கிறது என்று காட்டிய பின்னரே, இருதய நாளங்களை அடைக்கும் அதன் சுபாவம் தெளிவாயிற்று.

ஆகவே, அதுவரை விற்றவர்க்கும் உண்டவர்க்கும் பௌத்தர் தரும் மன்னிப்பை நாம் மறுப்பதற்கில்லை. ஞானம் பிறந்த பின்போ நியாயம் வேறு. ஆனால் அந்த ஞானம் ஏரிக்கரைக் கடைக்குத் தானாக வந்து சேர்வதில்லை. மூக்கும் நாவும் கண்டறியாத தீங்கை விலக்கும்படி வாங்குவோனைக் கேட்பது, குருடனிடம் வர்ண பரீக்ஷை நடத்துவதாகும். விளைவுக்குப் பொறுப்பு உண்டு என்ற நீலகேசியின் வாதம் நிற்கட்டும். அப்பொறுப்பின் பாரம், அறிந்தவன் எவனோ அவன் தலையில் முதலில் ஏறவேண்டும். செய்யும் ஆலையும், ஆராயும் விஞ்ஞானியும், ஆளும் அரசுமே அவ்வாறு அறிந்தவர்கள். எண்ணெயிலும் கொழுப்பிலும் டிரான்ஸ் கொழுப்பின் அளவை 2003 இல் டென்மார்க் 2 சதவீதத்துக்குள் அடக்கியது. இந்தியா 2021 இல் 3 சதவீதமாகவும் 2022 இல் 2 சதவீதமாகவும் குறைத்தது. தனிமனிதனின் மனச்சாட்சிக்கு எட்டாத இடத்தில் சட்டமே சமூகத்தின் விவேகமாக நிற்கவேண்டியிருக்கிறது.

எனினும் கடைக்காரன் முற்றிலும் விடுபடுவதில்லை. திரும்பத் திரும்பக் காய்ச்சிக் கறுத்து, நுரைத்து, காறல் வாடை வீசும் எண்ணெயிலும் தீயன விளைகின்றன; அதைக் காண ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. கண்ணுக்குத் தெரிந்ததைக் கொட்டிவிட்டுப் புதிய எண்ணெய் ஊற்றுவது, எந்தச் சமயத்தின் கணக்கிலும் அவனுடைய தர்மமே.